உயிர் காக்கும் இருக்கை

உரைநடை உலகம்

நுழையும்முன்

போர் விமானம் வேகத்தின் உச்சம். மனித உடலோ தரையில் நடக்கவும் ஓடவும் அமைந்தது. இவ்விரண்டும் ஒரே அறையில் சேர்ந்து பறக்கத் தொடங்கிய நாள்முதல், விமானியின் உடலைக் காப்பது ஒரு தனி அறிவியலாக வளர்ந்துவருகிறது. விமானியின் உடல் பட்ட ஒவ்வொரு காயமும் ஒரு கருவியின் வடிவத்தை மாற்றியிருக்கிறது. அந்த வரலாற்றையும் அதில் கொங்கு மண்ணுக்குள்ள தொடர்பையும் இப்பாடம் விளக்குகிறது.

மதுக்கரையும் சூலூரும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த ஊர் மதுக்கரை. சுண்ணாம்புக்கல் வளத்தாலும் பழமையான சிமெண்ட் ஆலையாலும் பெயர்பெற்றது. அங்குள்ள தர்மலிங்கேசுவரர் மலைமீது நின்று நோக்கினால், கோவை மாநகர் வடக்கே விரிந்து கிடப்பதைக் காணலாம். அந்நகரின் மறுகோடியில் உள்ளது சூலூர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வான்தளமாக உருவான சூலூர், இன்று இந்திய விமானப்படையின் முதன்மையான தளங்களுள் ஒன்று. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட இலகுரகப் போர் விமானமான தேஜசைக் கொண்டு அமைக்கப்பட்ட முதல் படையணி, 45-ஆவது படையணி. பெங்களூருவில் தொடங்கிய அது, 2018-இல் சூலூருக்கு வந்தது. இரண்டாவது தேஜஸ் படையணியான 18-ஆவது படையணி, 2020 மே 27 அன்று சூலூரிலேயே செயல்பாட்டுக்கு வந்தது.

வானில் கோடு கிழித்துச் செல்லும் விமானத்தைக் காண்போர் அதன் வேகத்தை வியப்பர். அந்த வேகத்துக்குள் அமர்ந்திருக்கும் உடல் என்ன பாடுபடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. விமானத்தை வடிவமைப்போர் மறவாமல் எண்ண வேண்டிய செய்தி அது. உலோகத்தின் வலிமையை ஆய்வால் கூட்டலாம். எலும்பின் வலிமையைக் கூட்ட இயலாது. ஆகவே, உடலின் எல்லையை அறிந்து, அதற்கேற்பக் கருவியை அமைப்பதே இத்துறையின் அடிப்படை.

ஈர்ப்பு விசையும் குருதியும்

தினைப்புனத்தில் பறவை ஓட்டுவோர் கவணைச் சுழற்றும்போது, அதில் வைத்த கல் கவண் தோலை வெளிப்புறமாக அழுத்தி நிற்கும். போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது விமானியின் உடலும் அவ்வாறே இருக்கையை அழுத்துகிறது. இவ்வழுத்தத்தைப் புவியீர்ப்பின் மடங்குகளாகக் கணக்கிட்டு ‘ஜி’ என்னும் அளவால் குறிப்பர். தரையில் நிற்கும் ஒருவர் உணர்வது ஒரு ஜி. தேஜஸ் விமானம் எட்டு ஜி வரை தாங்கித் திரும்ப வல்லது. அந்நிலையில் 70 கிலோ எடையுள்ள விமானியின் உடல் 560 கிலோவாகக் கனக்கும். ஐந்து கிலோ எடையுள்ள தலையும் ஒன்றரைக் கிலோ தலைக்கவசமும் சேர்ந்து, கழுத்தின்மீது 52 கிலோவாக அழுத்தும். அந்த நேரத்தில் எதிரி விமானத்தைத் தேடித் தலையைத் திருப்பினால் கழுத்துத் தசையும் முள்ளெலும்பும் காயமுறக்கூடும். எனவேதான், தலைக்கவசத்தில் ஒவ்வொரு கிராமையும் குறைக்க வடிவமைப்பாளர்கள் போராடுகின்றனர்.

எடையைவிடப் பெரிய இடர், குருதி ஓட்டத்தில் நிகழ்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு முழத்துக்கும் குறைவான தொலைவே உள்ளது. ஆயினும், ஒவ்வொரு ஜி-யும் கூடும்போது மூளையை எட்டும் குருதி அழுத்தம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைகிறது. இதயத்தை விட்டு வெளிவரும் குருதியின் அழுத்தம் 120 மில்லிமீட்டர் அளவே. எனவே, பயிற்சியும் கருவியும் இல்லாத ஒருவருக்கு நான்கைந்து ஜி அளவிலேயே மூளைக்குக் குருதி செல்வது நின்றுபோகிறது. முதலில் கண்ணில் நிறங்கள் மங்கும். பிறகு பார்வை குறுகிக் குழாய்வழிப் பார்ப்பதுபோலாகும். பின்னர் இருள் சூழும். இறுதியில் நினைவு தப்பும். நினைவு திரும்பச் சில நொடிகள் ஆகும். தாழப் பறக்கும் விமானத்துக்கு அச்சில நொடிகளே போதும், தரையில் மோதுவதற்கு.

இதற்கு மாற்றாகத் தோன்றியதே ஈர்ப்பெதிர் உடை. வயிறு, தொடை, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் காற்றுப் பைகளைக் கொண்ட கால்சட்டை அது. விமானம் திரும்பும்போது அப்பைகள் தாமாகக் காற்று நிரம்பிக் கால்களை இறுக்குகின்றன. குருதி கீழே தேங்காமல் தடுக்கின்றன. கனடாவைச் சேர்ந்த வில்பர் பிராங்ஸ் என்னும் அறிவியலாளர் வடிவமைத்த உடை, இரண்டாம் உலகப்போரின்போதே பயன்பாட்டுக்கு வந்தது. இந்த உடை, தாங்கும் திறனை ஒன்று முதல் ஒன்றரை ஜி வரைதான் கூட்டும். எஞ்சியதை விமானியே தம் உடலால் ஈட்ட வேண்டும். கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கிச் சிறிது சிறிதாக விடும் பயிற்சியை அதற்காக அவர் கற்கிறார். பெங்களூருவில் 1957-இல் தொடங்கப்பட்டு, இன்று விண்வெளி மருத்துவ நிறுவனம் என வழங்கும் விமானப்படை நிறுவனத்தில், மனிதரை அமர்த்திச் சுழற்றும் மையவிலக்குச் சுழலியில் இப்பயிற்சி அளிக்கப்படுகிறது.

உயரமும் மூச்சும்

உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறையும். 25,000 அடி உயரத்தில் உயிர்வளிக் கருவி பழுதானால், ஒருவர் தெளிவாகச் செயல்பட மூன்று முதல் ஐந்து நிமிடங்களே கிடைக்கும். 40,000 அடியில் அது 15 முதல் 20 நொடிகளாகச் சுருங்கிவிடும். இக்குறையில் வலி இல்லை என்பதே பெரும் இடர். மயங்கப்போகிறவர் தாம் நன்றாக இருப்பதாகவே எண்ணுவார். சில வேளைகளில் களிப்பும் அடைவார். ஆகவே, விமானிகளைத் தரையிலேயே அழுத்தம் குறைந்த அறையில் அமர்த்தி, அவரவர் உடலில் தோன்றும் முதல் அறிகுறியை அவரவரே கண்டுகொள்ளப் பயிற்றுவிக்கின்றனர்.

முற்காலத்தில் உயிர்வளியை உருளைகளில் அடைத்து விமானத்தில் எடுத்துச் சென்றனர். உருளை தீரும்வரைதான் பறக்க இயலும். இன்று, இயந்திரத்திலிருந்து வரும் அழுத்தக் காற்றைச் சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமத்தின் வழியே செலுத்துகின்றனர். அக்கனிமம் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ள, உயிர்வளி மிகுந்த காற்று விமானியின் முகமூடியை அடைகிறது. பெங்களூருவில் உள்ள பாதுகாப்பு உயிர்ப்பொறியியல் மற்றும் மின்மருத்துவ ஆய்வகம் இத்தகைய அமைப்பைத் தேஜசுக்காக உருவாக்கியது. 2025 மார்ச் மாதத்தில் அது 50,000 அடி உயரம் வரை ஆய்ந்து பார்க்கப்பட்டது.

முதுகெலும்பு கற்பித்த பாடம்

விமானம் இனி மீளாது என்றானபின் விமானி வெளியேற வேண்டும். மெதுவாகப் பறந்த பழைய விமானங்களில் எழுந்து நின்று குதிக்க முடிந்தது. வேகம் பெருகியதும் காற்றின் வீச்சு விமானியை இருக்கையோடு அழுத்தியது. தப்பிக் குதித்தவரையும் விமானத்தின் வால் தாக்கியது. இருக்கையையே விமானியோடு சேர்த்து மேலே எறிந்துவிடுவதே வழி என ஆய்வாளர்கள் கண்டனர். 1942 சனவரி 13 அன்று, ஜெர்மனியில் ஹெல்முட் ஷெங்க் என்னும் சோதனை விமானி, அழுத்தக் காற்றால் இயங்கிய இருக்கையின் துணைகொண்டு உயிர்தப்பினார். நெருக்கடி வேளையில் இவ்வாறு வெளியேறிய முதல் மனிதர் அவரே.

அதே ஆண்டு செப்டம்பரில், பிரித்தானியாவில் ஜேம்ஸ் மார்ட்டின் என்னும் பொறியாளரின் நண்பரும் தொழில் கூட்டாளியுமான வாலன்டைன் பேக்கர் சோதனைப் பறப்பில் உயிரிழந்தார். அந்த இழப்பு மார்ட்டினை உலுக்கியது. விமானம் கட்டுவதிலிருந்து விமானியைக் காப்பதற்கு அவரது கருத்து திரும்பியது. வெடிமருந்தின் விசையால் இருக்கையை உந்தும் சாய்தளம் ஒன்றை அவர் அமைத்தார். 1945-இன் தொடக்கத்தில் பெர்னார்டு லிஞ்ச் என்னும் பணியாளர் தாமாக முன்வந்து அதில் அமர்ந்தார். அடுத்து நடந்த சோதனைகளில் ஒன்றில், அமர்ந்து பார்த்த இதழாளர் ஒருவரின் முள்ளெலும்பு நசுங்கியது.

அந்தக் காயமே திருப்புமுனை ஆயிற்று. மனித முதுகெலும்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மண்பானைகளுக்கு ஒப்பிடலாம். நேராக நிற்கும் அடுக்கு பெரும் சுமையைத் தாங்கும். சற்றே சாய்ந்தால், ஒரு பானையின் விளிம்பில் சுமை முழுதும் இறங்கி அது நொறுங்கும். உடல் முன்னோக்கி வளைந்திருக்கும்போது கீழிருந்து உந்தினால், விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்திலுள்ள முள்ளெலும்புகள் முன்பக்கமாக நசுங்குகின்றன. விசையின் அளவைப் போலவே, அவ்விசை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும் காயத்தை முடிவுசெய்கிறது என மார்ட்டின் கண்டார். விசை 21 ஜி-யைத் தாண்டக் கூடாது. அந்த உச்சமும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குமேல் நீடிக்கக் கூடாது என்று வரையறுத்தார். ஒரே வெடியாக இருந்த உந்துவிசை, அடுத்தடுத்து வெடிக்கும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 1946 சூலை 24 அன்று, பறக்கும் விமானத்திலிருந்து லிஞ்ச் நலமாக வெளியேறி இறங்கினார். மார்ட்டின் பேக்கர் இருக்கைகளால் இதுவரை காக்கப்பட்ட உயிர்கள் 7,700-க்கும் மேற்பட்டவை. தேஜஸ் விமானத்தில் இருப்பதும் அந்நிறுவனத்தின் பதினாறாம் வகை இருக்கையே.

> தெரிந்து தெளிவோம்
>
> அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், மனித உடல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதைத் தம் உடலிலேயே ஆய்ந்தார். 1954 டிசம்பர் 10 அன்று, ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் அமர்ந்து மணிக்கு ஏறத்தாழ 1,017 கி.மீ. வேகத்தில் சென்றார், வண்டி 1.4 நொடியில் நின்றது. அப்போது அவர் உடல் தாங்கிய விசை 46.2 ஜி. கண்களில் குருதி கசிந்து, சிறிது நேரம் பார்வை இழந்தார், பின்னர் மீண்டார். சாலை வாகனங்களில் இருக்கைப் பட்டை அணிவதன் தேவையை உலகுக்கு வலியுறுத்தியவர்களுள் அவரும் ஒருவர்.

சில நொடிகளில்

வெளியேறும் முடிவை எடுத்த விமானி, தம் கால்களுக்கிடையே உள்ள கைப்பிடியை இழுக்கிறார். அவர் செய்ய வேண்டிய செயல் அது ஒன்றே. பிறவற்றை இருக்கை தானே செய்கிறது. முதலில் தோள்பட்டைகள் இறுகி, அவரது முதுகை இருக்கையோடு நேராகச் சேர்க்கின்றன. பானை அடுக்கை நேராக்கும் செயல் இது. அடுத்து, தலைக்குமேல் உள்ள கண்ணாடி விதானம் வெடிநாணால் பிளக்கப்பட்டு வழி திறக்கிறது. உடனே உந்துகுழல் வெடித்து, இருக்கை தண்டவாளத்தில் ஏறுவதுபோல் மேலேறுகிறது. அவ்வாறு ஏறும்போதே, கால்களில் பூட்டிய பட்டைகள் அவற்றை இருக்கையோடு இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. விமானத்தை விட்டு நீங்கும் தறுவாயில் இருக்கையின் அடியிலுள்ள ராக்கெட் எரியத் தொடங்கி, வால் பகுதியில் மோதாத உயரத்துக்கு அவரைக் கொண்டுசெல்கிறது. சிறு வான்குடை விரிந்து இருக்கையை நிலைப்படுத்துகிறது. பின்னர்ப் பெரிய வான்குடை விரிய, இருக்கை கழன்று விழுகிறது. தாழ்வான உயரத்தில் இவை அனைத்தும் நிகழச் சில நொடிகளே ஆகின்றன.

ஒவ்வொரு படியின் பின்னும் ஒரு காயத்தின் நினைவு உள்ளது. கட்டப்படாத கால்கள் காற்றில் விசிறப்பட்டு மூட்டு முறிந்ததால் காற்பட்டைகள் வந்தன. தரைமட்டக் காற்றில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் வெளியேறுபவரின்மீது, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று டன் எடைக்கு ஈடான அழுத்தம் மோதும். எனவேதான், முகத்தை மறைக்கும் கண்ணாடியும் முகமூடியும் தலைக்கவசத்தோடு உறுதியாகப் பொருத்தப்பட்டன. மிக உயரத்தில் வான்குடை உடனே விரிந்தால், விமானி உறைபனிக் குளிரிலும் உயிர்வளி இல்லாத காற்றிலும் நெடுநேரம் தொங்க நேரும். எனவே, உயரத்தையும் வேகத்தையும் தானே அளந்து, தக்க உயரத்துக்கு இறங்கிய பின்னரே வான்குடையை விரிக்கும் அறிவும் இருக்கைக்குள் வைக்கப்பட்டது. இறங்கும்வரை மூச்சுவிடச் சிறு உயிர்வளிக் குப்பியும் உடன் வருகிறது.

தரையை அடைந்தால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இறங்கிய இடம் பாலைவனமாகவோ கடலாகவோ பனிமலையாகவோ இருக்கலாம், கணுக்கால் முறிந்திருக்கலாம். இருக்கையின் அடியில் மடித்து வைத்த உயிர்காப்புப் பையில் மிதவைப் படகு, குடிநீர், முதலுதவிப் பொருள்கள், ஒளிக்குறி எழுப்பும் குச்சிகள், கதிரொளியைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி, இருப்பிடம் அறிவிக்கும் வானொலிக் கருவி ஆகியவை இருக்கும். நடுங்கும் கையாலும் திறக்க முடிகிறதா, ஒற்றைக் கையால் இயக்க முடிகிறதா எனக் காயமுற்ற மனிதரை மனத்தில் வைத்தே இவை ஒவ்வொன்றும் அமைக்கப்படுகின்றன.

ஸ்ரீநகர் முதல் சூலூர் வரை

சூலூரில் தேஜசைக் கொண்டு செயல்பாட்டுக்கு வந்த 18-ஆவது படையணிக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1971 போரின்போது அதன் ஒரு பிரிவு ஸ்ரீநகரில் இருந்தது. டிசம்பர் 14 அன்று பகைவரின் ஆறு சேபர் விமானங்கள் ஓடுபாதையைத் தாக்கின. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செக்கோன் தம் நாட் விமானத்தை மேலெழுப்பி, தனியொருவராகப் போரிட்டார். அவரது விமானம் தாக்குண்டு மலைப்பகுதியில் விழுந்தது. இறுதி நொடியில் வெளியேற அவர் முயன்றதாகக் கருதப்படுகிறது. போதிய உயரமும் வேகமும் இருந்தால்தான் முழுமையாகப் பயன்தரும் தலைமுறையைச் சேர்ந்தது, அக்கால நாட் விமானத்தின் இருக்கை. இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

இன்றைய இருக்கைகளைச் ‘சுழியம் – சுழியம்’ வகை என்பர். உயரம் சுழியம், வேகமும் சுழியம் என ஓடுபாதையில் அசையாது நிற்கும் விமானத்திலிருந்தும் அவை விமானியைக் காக்க வல்லவை. 2024 மார்ச் 12 அன்று ஜெய்சல்மேர் அருகே ஒரு தேஜஸ் விமானம் விழுந்தது. 2001-இல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் வரலாற்றில் அதுவே முதல் விபத்து. அதன் விமானி வெளியேறி உயிர்தப்பினார். ஆயினும், எந்தக் கருவியும் எல்லாச் சூழலையும் வென்றுவிடுவதில்லை. விமானம் தலைகீழாகவோ செங்குத்தாகத் தரை நோக்கியோ பாயும்போது, சுழியம் – சுழியம் இருக்கைக்கும் உயரம் தேவைப்படுகிறது. முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமோ நொடிக்கும் குறைவு. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் நேர்ந்த தேஜஸ் விபத்தில் விங் கமாண்டர் நமான்ஷ் சியால் உயிர்நீத்தார். அவரது உடல் சூலூர் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அஞ்சலிக்குப்பின் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டது.

உயிர்தப்பியவரின் உடலும் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த அபிநந்தன் வர்த்தமான், 2019 பிப்ரவரி 27 அன்று மிக் – 21 விமானத்திலிருந்து வெளியேறி எல்லைக்கு அப்பால் இறங்கினார். மார்ச் முதல் நாள் நாடு திரும்பினார். மருத்துவச் சோதனைகளும் ஓய்வும் முடிந்து, செப்டம்பர் 2 அன்று மீண்டும் போர் விமானத்தில் ஏறினார். அன்று அவருடன் பறந்தவர் அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி பி. எஸ். தனோவா. அவரும் 1988-இல் இருக்கையின் துணையால் உயிர்தப்பியவர். மீண்டும் பறக்கும் தகுதி பெற அவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின. முதுகெலும்பு நேராகி, வலி நீங்கி, மனமும் உறுதிபெற்ற பின்னரே மருத்துவர்கள் இசைவு தருகின்றனர். இருக்கை காப்பது உயிரை. விமானியை மீண்டும் விமானியாக்குவது மருத்துவம்.

கைப்பிடியை இழுக்காதவர்

2020 அக்டோபர் 12. தேஜஸ் படையணியைச் சேர்ந்த வருண் சிங், பழுது நீக்கப்பட்ட விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தனியாகப் பறந்தார். மிகுந்த உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் குலைந்தது. நிலைமையை உணர்ந்த அவர், விமானத்தைக் கீழிறக்கத் தொடங்கினார். இறங்கும்போது பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பும் செயலிழந்தது. விமானம் கட்டுக்கடங்காமல் மேலும் கீழும் குதித்து, உடல் தாங்கும் விசையின் எல்லைவரை அவரை உலுக்கியது. ஒருவாறு கட்டுக்குள் கொண்டுவந்தபின், ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் அதே பழுது மீண்டும் தோன்றியது. வெளியேற அவருக்கு முழு உரிமை இருந்தது. யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவரோ விமானத்தை மீண்டும் அடக்கிப் பத்திரமாகத் தரையிறக்கினார். பழுதின் காரணத்தைக் கண்டறிந்து, பிற விமானங்களுக்கு அது நேராமல் தடுக்க அச்செயல் வழிவகுத்தது. 2021-இல் அவருக்குச் சௌர்ய சக்கரம் அறிவிக்கப்பட்டது.

விருதுக்குப்பின் அவர் தாம் பயின்ற பள்ளியின் முதல்வருக்கு ஒரு மடல் எழுதினார். தாம் படிப்பில் நடுத்தர மாணவராகவே இருந்ததை அதில் மறைக்காமல் கூறினார். பள்ளியில் எல்லாரும் முதலிடம் பெற இயலாது. அதனால் மனம் சோர வேண்டியதில்லை. மனம் எதில் ஒன்றுகிறதோ அதில் முழு முயற்சியையும் தருக என்பதே அவர் மாணவர்க்குச் சொன்ன செய்தி.

2021 டிசம்பர் 8 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்ட 14 பேருடன் சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் புறப்பட்ட ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து தீப்பற்றியது. அதில் வருண் சிங்கும் இருந்தார். நஞ்சப்பசத்திர மக்கள் கையில் கிடைத்த போர்வைகளோடு ஓடிச்சென்று, தீக்கு நடுவிலிருந்தோரை மீட்க முயன்றனர். கடும் தீக்காயங்களுடன் உயிரோடு மீட்கப்பட்ட வருண் சிங், டிசம்பர் 15 அன்று பெங்களூரு மருத்துவமனையில் உயிர்நீத்தார்.

ஹெலிகாப்டரின் தலைக்குமேல் இறக்கைகள் சுழல்வதால், பொதுவாக அதில் வெளியேற்று இருக்கை பொருத்துவதில்லை. ஆகவே, வேறு வழிகள் தேடப்பட்டன. மோதும்போது தானே கீழ்நோக்கி அமுங்கி அதிர்ச்சியை விழுங்கும் இருக்கை, எளிதில் உடைந்து எரிபொருளைச் சிந்தாத கலன், தீயில் உருகி உடலில் ஒட்டாத அராமிட் இழைத் துணியால் தைத்த உடை ஆகியன அவ்வாறு தோன்றியவை. பருத்தியாலும் நூற்பாலைகளாலும் வளர்ந்த கொங்கு நாட்டுக்கு இழையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வான்குடையின் நைலான் துணியும், தோள்பட்டையின் நெசவும், தீத்தாங்கும் உடையும் நெசவுத் தொழில்நுட்பத்தின் கொடைகளே.

நம் நாட்டு ஆய்வுகள்

வான்குடைகளை ஆக்ராவில் உள்ள ஆய்வு நிறுவனமும், உயிர்வளி அமைப்பையும் ஈர்ப்பெதிர் உடையையும் பெங்களூரு ஆய்வகமும் உருவாக்கிவருகின்றன. சண்டிகரில் உள்ள ஆய்வகம் ராக்கெட் சறுக்குத் தண்டவாளம் ஒன்றைப் பேணுகிறது. 2025 டிசம்பரில் தேஜஸ் விமானத்தின் முன்பகுதியை அத்தண்டவாளத்தில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செலுத்தினர். விதானம் பிளப்பது முதல் மனித உருவப் பொம்மை வான்குடையில் இறங்குவது வரை அனைத்தையும் ஆய்ந்து பார்த்தனர். மனிதர் அமரவேண்டிய இடத்தில் இன்று உணரிகள் பொருத்திய பொம்மை அமர்கிறது. லிஞ்சும் ஸ்டாப்பும் தம் உடலில் ஏற்ற வலியை இனி எவரும் ஏற்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து மையங்களுள் கோவையும் ஒன்று. வார்ப்படம், நுண்பொறியியல், தொழில்நுட்பத் துணிகள் ஆகியவற்றில் கோவைக்குள்ள தேர்ச்சி, இத்துறைக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. இயற்பியல் பயில்வோர் விசையையும், உயிரியல் பயில்வோர் எலும்பையும் குருதியையும், வேதியியல் பயில்வோர் வெடிமருந்தையும் இழையையும் இத்துறையில் சந்திக்கலாம். ஒரே இருக்கையில் இத்தனை பாடங்களும் வந்து கூடுகின்றன.

ஒரு போர் விமானத்தின் விலை பல நூறு கோடி ரூபாய். கைப்பிடி இழுக்கப்பட்டதும், அவ்விமானத்தை முற்றிலும் கைவிட்டு உள்ளிருக்கும் ஒரு மனிதரை மட்டும் காப்பதற்காகவே அந்த இருக்கை படைக்கப்பட்டுள்ளது. பல ஆண்டுகள் பயன்படாமலே போகலாம். பயன்படும் நாளில் பிழை செய்ய அதற்கு உரிமை இல்லை. பொறியை மீண்டும் செய்துகொள்ளலாம், உயிரைச் செய்ய இயலாது என்னும் அறத்தின்மீது எழுந்த பொறியியல் இது.

கலைச்சொல் அறிவோம்

வெளியேற்று இருக்கை – எஜெக்‌ஷன் சீட்
வான்குடை – பாராசூட்
விதானம் – கேனபி
ஈர்ப்பெதிர் உடை – ஆன்டி ஜி சூட்
மையவிலக்குச் சுழலி – சென்ட்ரிஃபியூஜ்
உயிர்வளிக் குறை – ஹைபாக்சியா

கற்பவை கற்றபின்…

1. “காயமே கருவியின் வடிவத்தை மாற்றியது” – இக்கூற்றைப் பாடத்திலுள்ள மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்குக.
2. கைப்பிடியை இழுத்தது முதல் வான்குடை விரிவது வரை நிகழ்வனவற்றை வரைபடமாக வரிசைப்படுத்துக.
3. வருண் சிங் விமானத்தை விட்டு வெளியேறாமல் தரையிறக்கியது சரியா என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
4. உங்கள் ஊரில் உள்ள ஏதேனும் ஒரு தொழில் – நெசவு, வார்ப்படம், தையல் போன்றவை – உயிர்காப்புக் கருவிகளை உருவாக்க எவ்வாறு உதவும் எனக் கட்டுரை எழுதுக.